கூடவே போகாத கோப்புகள்: மேசைக்கணினி மென்பொருளும் இயக்கநேர நூலகப் பிழைகளும்

மேசைக்கணினியில் ஓடும் எந்த மென்பொருளும் ஒற்றைக் கோப்பாக ஓடுவதில்லை. கோப்பைத் திறப்பது, எண்ணை எழுத்தாக மாற்றுவது, திரையில் பொத்தானை வரைவது, அச்சுப்பொறிக்குப் பக்கத்தை அனுப்புவது போன்ற பொது வேலைகளுக்கான நிரல்கள் தனிக் கோப்புகளில் இருக்கின்றன. விண்டோஸில் இவை டிஎல்எல் கோப்புகள். ஒரு நிரல்மொழியில் எழுதியது ஓடுவதற்குத் தேவையான அடிப்படைத் தொகுப்பே அந்த மொழியின் இயக்கநேர நூலகம், பேச்சுவழக்கில் 'ரன்டைம்'. இஎக்ஸ்இ கோப்பைச் சொடுக்கியதும், தனக்கு எந்தெந்த நூலகங்கள் வேண்டும் என்று அந்தக் கோப்பே எழுதி வைத்திருக்கும் பட்டியலை விண்டோஸ் படிக்கிறது. பிறகு அவற்றை ஓர் ஒழுங்கில் தேடுகிறது: முதலில் மென்பொருள் இருக்கும் கோப்புறை, அடுத்து விண்டோஸின் சிஸ்டம் கோப்புறை, விண்டோஸ் கோப்புறை, நடப்புக் கோப்புறை, கடைசியாக 'பாத்' என்ற மாறியில் குறித்துள்ள இடங்கள். ஒன்று கிடைக்காவிட்டாலும் நிரலின் முதல் வரிகூட ஓடாது.

அப்போது திரையில் வரும் செய்தி பலருக்கும் பழக்கமானது. இன்ன டிஎல்எல் இந்தக் கணினியில் இல்லை, மென்பொருளை மறுபடி நிறுவிப் பாருங்கள் என்று அது சொல்லும். அந்த யோசனை பெரும்பாலும் பயன்படாது. விடுபட்ட கோப்பு செட்டப்பிலேயே இல்லாதபோது பத்து முறை நிறுவினாலும் அது வந்து சேராது. பிழை தெரிவது வாங்கியவர் கணினியில் என்றாலும், அது பிறந்தது எழுதியவர் கணினியில். விஷுவல் ஸ்டுடியோ போன்ற நிரலாக்கக் கருவியை நிறுவும்போதே அதற்கு வேண்டிய எல்லா ரன்டைம்களும் அங்கே வந்து உட்கார்ந்துவிடுகின்றன. எதுவும் குறையாத அந்தக் கணினியில் ஒரு மென்பொருள் ஓடுகிறது என்பது, இன்னொரு கணினியில் ஓடும் என்பதற்குச் சான்று ஆகாது.

இந்தப் பிழைகள் எழும் இடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: இராஜபாளையத்துக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தென்காசிச் சாலையில் உள்ள பேரூராட்சி சேத்தூர். சுற்றிலும் இராஜபாளையத்து நூற்பாலைகள், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி நெசவு, ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவாக் கடைகள். இத்தகைய வட்டாரங்களில் கணக்கு, சம்பளப் பட்டியல், பில்லிங் வேலைகளுக்கான மென்பொருள் கடையில் பெட்டியாக வாங்கப்பட்டதைவிட, அருகிலுள்ள நகரத்து நிரலர் ஒருவர் எழுதிப் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டுக் கொடுத்ததாக இருப்பது வழக்கம். டேலி போன்ற பெரிய தயாரிப்புக்கு முறையான நிறுவி உண்டு. தனியாள் எழுதியதற்கு ஒரு கோப்புறையும் குறுக்குவழிப் படமும்தான் நிறுவி. பழைய கணினி பழுதாகிப் புதிது வாங்கும் நாளில், அந்தக் கோப்புறையை அப்படியே நகலெடுத்துப் போட்டும் ஓடவில்லையே என்ற கேள்வி எழுகிறது.

இப்படித் தனியாட்கள் எழுதியவற்றில் பல, இரண்டு மொழிகளில் எழுதப்பட்டவை: 1998இல் வந்த விஷுவல் பேசிக் 6, 2004இல் வந்த விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9. விஷுவல் பேசிக்கின் அடிப்படை ரன்டைமான எம்எஸ்விபிவிஎம்60.டிஎல்எல் விண்டோஸுடனேயே வருகிறது. விண்டோஸ் 11 வரை அது தொடர்கிறது. அதனால் எளிய விபி நிரல் எந்தக் கணினியிலும் ஓடிவிடும். சிக்கல் அதன் ஓசிஎக்ஸ் கோப்புகளில். பட்டியல் காட்சி, கட்டப் பட்டியல், கோப்புத் தேர்வுச் சாளரம் முதலியவற்றைத் தரும் எம்எஸ்காம்சிடிஎல்.ஓசிஎக்ஸ், எம்எஸ்ஃப்ளெக்ஸ்ஜிஆர்டி.ஓசிஎக்ஸ் போன்றவை விண்டோஸில் இருப்பதில்லை. அவற்றை உடன் அனுப்ப வேண்டும். அனுப்பினால் மட்டும் போதாது, விண்டோஸ் பதிவகத்தில் பதியவும் வேண்டும். ரெக்எஸ்விஆர்32 என்ற கட்டளை அந்த வேலையைச் செய்கிறது. 2007இல் விஸ்டா வந்த பிறகு அதற்கு நிர்வாகி உரிமை தேவையாயிற்று. கோப்புறையை மட்டும் நகலெடுத்தவர்களுக்கு ஓசிஎக்ஸ் கண்ணெதிரே இருந்தும், அது 'சரியாகப் பதியப்படவில்லை' என்ற செய்தி வருவது இதனால்தான்.

ஃபாக்ஸ்புரோவின் கதை இன்னொரு பாடத்தைத் தருகிறது. அதற்கு விஎஃப்பி9ஆர்.டிஎல்எல் என்ற ரன்டைம் வேண்டும்; அதோடு ஆங்கிலச் செய்திகளுக்கான துணைக் கோப்பு ஒன்றும் வேண்டும். இரண்டையும் இஎக்ஸ்இ பக்கத்தில் வைத்தபிறகும் மென்பொருள் திறக்காமல் போகலாம். ஏனென்றால் அந்த ரன்டைமே மைக்ரோசாஃப்டின் சி மொழி நூலகமான எம்எஸ்விசிஆர்71.டிஎல்எல்லைக் கேட்கிறது, அறிக்கைகளை வரையும் பகுதி ஜிடிஐபிளஸ் நூலகத்தைக் கேட்கிறது. நிரலர் தன் நிரலில் எம்எஸ்விசிஆர்71 என்று ஓரிடத்திலும் எழுதியிருக்க மாட்டார். சார்பின் சார்பு இது. நூலகப் பிழைகளில் அதிகம் குழப்புவதும் இதுவே, ஏனெனில் சில சமயம் பிழைச் செய்தி விடுபட்ட கோப்பின் பெயரைச் சொல்லாமல், அதைக் கேட்ட கோப்பின் பெயரைச் சொல்கிறது. ரெக்எஸ்விஆர்32 ஒரு ஓசிஎக்ஸைக் காணவில்லை என்று சொல்லும். போய்ப் பார்த்தால் கோப்பு அதே இடத்தில் இருக்கும். இல்லாதது அதன் பின்னால் நிற்கும் வேறொன்று.

சி, சி++ மொழிகளின் ரன்டைம் வரலாறு இந்தக் குழப்பத்துக்குப் பெரிதும் பங்களித்திருக்கிறது. விஷுவல் ஸ்டுடியோவின் ஒவ்வொரு பதிப்பும் தனக்கென ஒரு நூலகத்தைக் கொண்டுவந்தது: 2003க்கு எம்எஸ்விசிஆர்71, 2005க்கு 80, 2008க்கு 90, 2010க்கு 100, 2012க்கு 110, 2013க்கு 120. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. 2010 பதிப்பால் எழுதியது எம்எஸ்விசிஆர்100ஐத்தான் கேட்கும்; கணினியில் 120 இருப்பதால் அதற்கு எந்தப் பயனும் இல்லை. ஒரே கணினியின் நிரல் பட்டியலில் 'விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' என்ற பெயர் ஏழெட்டு வரிகளில் தெரிவது இதனால்தான். ஒன்றுபோல இருக்கின்றனவே என்று அவற்றில் சிலவற்றை நீக்கிவிட்டு, மறுநாள் பில் போட முடியாமல் நிற்பதும் நடக்கிறது. 2015இல் இந்த முறை மாறியது. அதற்குப் பிந்தைய 2017, 2019, 2022 பதிப்புகள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும் விசிரன்டைம்140 குடும்பத்தைப் பயன்படுத்துகின்றன. புதியதை நிறுவினால் பழையதற்கும் போதும். 64 பிட் நிரல்களுக்காக 2019இல் விசிரன்டைம்140_1 என்ற கூடுதல் கோப்பு சேர்ந்தது. 2015ஆம் ஆண்டு ரன்டைமை மட்டும் வைத்திருந்த கணினிகளில் அது இல்லாமல் போனதற்குக் காரணம் அவ்வளவே.

அதே 2015 மாற்றத்தில் சி நூலகத்தின் பெரும்பகுதி விண்டோஸ் 10இன் அங்கமாகவே ஆகிவிட்டது. விண்டோஸ் 7, 8.1 கணினிகளுக்கு அது கேபி2999226 என்ற புதுப்பிப்பாகத் தரப்பட்டது. விண்டோஸ் 7இல் சர்வீஸ் பேக் 1 இருந்தால்தான் அது ஏறும். புதுப்பிப்பை அணைத்துவைத்த, இணையமே கொடுக்காத அலுவலகக் கணினிகள் ஏராளம். அவற்றில் 'ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி' என்று தொடங்கும் நீண்ட பெயருள்ள ஒரு கோப்பு இல்லை என்ற செய்தி வருகிறது. அந்தப் பெயரைத் தேடி எங்கிருந்தோ ஒரு டிஎல்எல்லை இறக்கிப் போடுவது தீர்வாகாது. அந்தப் பெயரில் இருப்பது உள்ளடக்கமுள்ள நூலகமல்ல, உண்மையான நூலகத்துக்கு வழிகாட்டும் முகப்பு மட்டுமே. புதுப்பிப்பை நிறுவுவதே முறை.

மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எழுதிய மென்பொருளுக்கு வேறு விதமான தொல்லை. 2005இல் வந்த 2.0, அதன் மேல் கட்டிய 3.5 ஆகியவற்றை நம்பி எழுதியவை விண்டோஸ் 7இல் கேள்வியின்றி ஓடின, ஏனென்றால் 3.5.1 அதிலேயே இருந்தது. விண்டோஸ் 8 முதல் அது விருப்பக் கூறாக ஒதுக்கி வைக்கப்பட்டது. நிறுவ முனைந்தால் விண்டோஸ் இணையத்தில் தேடும். இணையம் இல்லையென்றால் 0x800எஃப்081எஃப் போன்ற எண்ணுடன் நின்றுவிடும். நிறுவல் வட்டின் 'சோர்ஸஸ்' கோப்புறைக்குள் உள்ள 'எஸ்எக்ஸ்எஸ்' என்ற உட்கோப்புறையைக் காட்டிக்கொடுத்தால் இணையமின்றியே நிறுவலாம். இதைவிட எளிய வழியும் உண்டு. இஎக்ஸ்இ பெயரிலேயே ஒரு சிறு கட்டமைப்புக் கோப்பை வைத்து, இந்த நிரல் 4ஆம் பதிப்பிலும் ஓடலாம் என்று ஒரு வரி எழுதிவிட்டால், விண்டோஸ் 10இல் ஏற்கெனவே இருக்கும் டாட்நெட் 4ஐக் கொண்டே பெரும்பாலான பழைய நிரல்கள் ஓடிவிடும். மூல நிரல் தொலைந்துபோன மென்பொருளுக்கும் இது கைகொடுக்கும்.

தமிழ்ப் பயனர்கள் நூலகக் குறையை நெடுநாள் அனுபவித்தார்கள், அது நூலகக் குறை என்று தெரியாமலே. யூனிகோட் தமிழைத் திரையில் சரியாகக் காட்ட எழுத்துரு மட்டும் போதாது. ஒற்றைக்கொம்பையும் காலையும் அகரமேறிய மெய்யின் இருபுறமும் இடம்மாற்றி வைக்கும் வேலையைச் செய்ய யூனிஸ்கிரைப் என்ற நூலகம் வேண்டும். விண்டோஸ் 2000 தமிழுக்கு அந்த வசதியை லதா எழுத்துருவுடன் தந்தது. ஆனால் விண்டோஸ் எக்ஸ்பியில், மொழி அமைப்புகளுக்குள் போய்ச் சிக்கல் எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவும்படி குறியிட்டால்தான் அது முழுமையாக இயங்கும். குறியிட்டதும் எக்ஸ்பி குறுந்தகட்டின் ஐ386 கோப்புறையைக் கேட்கும். கணினியைச் சேர்த்துக் கொடுத்த கடைக்காரர் குறுந்தகட்டைத் தந்திருந்தால் சரி. இல்லாதவர்களுக்கு 'கொ' என்ற எழுத்து, புள்ளிவட்டமும் கொம்பும் சிதறிய மூன்று துண்டுகளாகத் தெரிந்தது. நிரல் நிற்கவில்லை, செய்தியும் வரவில்லை, எழுத்துதான் உடைந்தது. விஸ்டாவில்தான் குறியிடும் தேவை ஒழிந்தது. டிஎஸ்சிஐஐ, டேப், வானவில் போன்ற எட்டு பிட் எழுத்துருக்கள் 2000க்குப் பிறகும் அலுவலகங்களில் நிலைத்து நின்றதற்கு இந்த ஐ386 தடையும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். எழுத்துருவை ஒட்டினாலே வேலை முடிந்துவிடும் வசதி அவற்றுக்கு இருந்தது.

தமிழ் சார்ந்த இன்னொரு நுணுக்கமும் உண்டு. பழைய நிரல்கள் கோப்புறைப் பெயர்களை ஆன்சி எழுத்துகளில் கையாள்கின்றன. தமிழுக்கு விண்டோஸில் ஆன்சி குறிப்பக்கம் ஒருபோதும் இருந்ததில்லை. ஆகவே விண்டோஸ் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருந்தால், அந்தப் பெயரைத் தாங்கிய தற்காலிகக் கோப்புறையின் பாதை இத்தகைய நிரலுக்கு வெறும் கேள்விக்குறிகளாகத் தெரியும். நூலகங்களை அங்கே பிரித்துவைத்து ஓட முயலும் மென்பொருள், தான் வைத்த கோப்பையே காணாமல் நிற்கும். புதிய கணினியில் பிழை வந்து, எல்லா ரன்டைமும் சரியாக இருந்தால், பயனர் பெயரையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

அரசு சார்ந்த மென்பொருளும் இதற்கு விலக்கல்ல. ஆலைகளும் தணிக்கையாளர் அலுவலகங்களும் காலாண்டுதோறும் தாக்கல் செய்யும் டிடிஎஸ் படிவங்களைத் தயாரிக்க என்எஸ்டிஎல் நிறுவனம் (இன்று புரோட்டியன்) தந்துவரும் ஆர்பியூ, சரிபார்க்கும் எஃப்வியூ ஆகியவை ஜாவாவில் எழுதப்பட்டவை. ஜாவா ரன்டைம் கணினியில் தனியாக இருக்க வேண்டும் என்பது நெடுங்காலம் அவற்றின் முன்நிபந்தனை. வருமான வரித்துறையின் கணக்குப் படிவங்களுக்கும் ஜாவா வடிவம் இருந்தது. 2021 ஜூனில் புதிய தளம் வந்தபோது அது கைவிடப்பட்டது. ஜாவா இல்லாத கணினியில் இத்தகைய கோப்பைச் சொடுக்கினால் பெரும்பாலும் ஒன்றுமே நடக்காது, அல்லது ஜாவா நிரலைத் தாங்கிய ஜார் கோப்பைச் சுருக்கக் கோப்பென்று எண்ணி வேறொரு மென்பொருள் திறந்துகொள்ளும். ஆரக்கிள் நிறுவனம் 2018இல் ஜாவா 11உடன் தனி ரன்டைம் தருவதை நிறுத்தியது. 2019 ஏப்ரலில் ஜாவா 8இன் உரிமத்தையும் மாற்றியது. வணிகப் பயன்பாட்டுக்கு டெமுரின் போன்ற ஓப்பன்ஜேடிகே வடிவங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஜாவாவில் புதிதாக எழுதுபவர்கள் பயனரிடம் ரன்டைமைக் கேட்கவே தேவையில்லை: ஜாவா 9இல் வந்த ஜேலிங்க், 16இல் நிலைபெற்ற ஜேபேக்கேஜ் ஆகிய கருவிகள் வேண்டிய அளவு ரன்டைமை மென்பொருளோடு சேர்த்தே கட்டித் தருகின்றன.

நோயறிதலில் பிழை எண்ணே முதல் தடயம். 0xசி0000135 என்றால் நூலகம் கிடைக்கவில்லை. 0xசி0000139 என்றால் நூலகம் கிடைத்தது, ஆனால் கேட்ட செயல்கூறு அதில் இல்லை. பெயர் சரி, பதிப்பு தவறு. 0xசி000007பி பெரும்பாலும் 32 பிட், 64 பிட் கலப்பைக் குறிக்கும். இந்தக் கலப்புக்கு விண்டோஸின் பெயரிடலும் ஒரு காரணம்: 64 பிட் விண்டோஸில் 'சிஸ்டம்32' கோப்புறையில் இருப்பவை 64 பிட் கோப்புகள், 32 பிட் கோப்புகள் இருப்பது 'சிஸ்வாவ்64' கோப்புறையில். பெயரை நம்பி 32 பிட் டிஎல்எல்லைச் சிஸ்டம்32இல் போடுபவர்களைக் குறைசொல்ல முடியாது. 'சைட்-பை-சைட்' கட்டமைப்பு தவறு என்ற செய்தி வந்தால், அது பெரும்பாலும் 2005 அல்லது 2008 ரன்டைம் இல்லாததைச் சொல்கிறது. எக்ஸ்பி காலத்தில் வந்த, ஒரே நூலகத்தின் பல பதிப்புகளைத் தனித்தனியே வைக்கும் முறை அந்த இரண்டிலும்தான் முழுமையாகப் பயன்பட்டது. கோப்புப் பெயர் 'டி' என்ற எழுத்தில் முடிந்தால், எடுத்துக்காட்டாக விசிரன்டைம்140டி, எழுதியவர் சோதனை வடிவத்தை அனுப்பிவிட்டார் என்று பொருள். அந்தக் கோப்பைப் பிறருக்கு வழங்க உரிமம் இல்லை. வெளியீட்டு வடிவத்தைக் கட்டி அனுப்புவதே வழி.

எண் மட்டும் போதாதபோது கருவிகள் உதவும். ஒரு கோப்பு எந்த நூலகங்களைக் கேட்கிறது என்று மரமாகக் காட்டுவது டிபென்டென்சி வாக்கர்; 2006க்குப் பிறகு அது புதுப்பிக்கப்படவில்லை, புதிய விண்டோஸில் இல்லாத குறைகளையும் காட்டும். அதன் இடத்தில் 'டிபென்டென்சீஸ்' என்ற திறமூலக் கருவி இன்று பொருத்தமானது. ஆனால் இவை தொடக்கத்தில் கேட்கப்படும் நூலகங்களையே நன்றாகக் காட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது தேவைக்கேற்ப அழைக்கப்படுபவை தப்பிவிடும்: பில் எல்லாம் போட்டுவிட்டு அறிக்கையை அச்சிட முனையும்போதுதான் அறிக்கைக் கருவியான கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸின் ரன்டைம் இல்லை என்பது தெரியவரும். அதற்குப் புராசஸ் மானிட்டர் சிறந்தது. மென்பொருள் எந்தப் பாதையில் எந்தக் கோப்பைத் தேடித் தோற்றது என்பதை அது வரிவரியாகப் பதிந்து காட்டும். தேடிய எல்லா இடத்திலும் தோற்ற பெயரே குற்றவாளி.

தீர்வில் மூன்று பாதைகள் உண்டு. ரன்டைமின் அதிகாரபூர்வ நிறுவியைச் செட்டப்பில் சேர்த்து, அது அமைதியாக முதலில் ஓடும்படி வைப்பது முதல் பாதை. இன்னோ செட்டப் போன்ற கட்டணமில்லாத கருவியில் இதற்குச் சில வரிகள் போதும். 3010 என்று திரும்பி வந்தால் அது தோல்வியல்ல, மறுதொடக்கம் தேவை என்று பொருள். 1638 என்றால் இதைவிடப் புதியது ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் பிழையாகக் கருதி நிறுவலை நிறுத்திவிடும் செட்டப்புகள் வீண் அழைப்புகளை வரவழைக்கின்றன. இரண்டாவது, நூலகங்களை இஎக்ஸ்இ இருக்கும் கோப்புறையிலேயே வைப்பது. தேடலில் அந்த இடமே முதலில் வருவதால் நிர்வாகி உரிமையின்றியே வேலை முடியும். விபியின் ஓசிஎக்ஸ்களையும் ஒரு மேனிஃபெஸ்ட் கோப்பின் உதவியால் பதிவகத்தில் பதியாமல் இப்படிப் பயன்படுத்தலாம். நகலெடுத்து ஒட்டும் பழக்கமுள்ள வாடிக்கையாளருக்கு இதுவே பாதுகாப்பானது. மூன்றாவது, நூலகத்தை இஎக்ஸ்இக்குள்ளேயே பிணைப்பது, அல்லது டாட்நெட் கோர் 3.0 (2019) முதல் மேசைக்கணினி மென்பொருளுக்கும் இயல்வதுபோல் ரன்டைம் முழுவதையும் சுமந்து செல்லும் வடிவில் வெளியிடுவது. அளவு பல பத்து எம்பி கூடும். பென் டிரைவில் போகும் மென்பொருளுக்கு அது பொருட்டல்ல.

பின்னிரண்டு பாதைகளுக்கும் ஒரு விலை இருக்கிறது. 2004 செப்டம்பரில் ஜிடிஐபிளஸ் நூலகத்தில், ஜேபெக் படத்தைத் திறந்தாலே தாக்குதலுக்கு வழிவிடும் ஓட்டை ஒன்று அறிவிக்கப்பட்டது. விண்டோஸிலுள்ள நகலை மைக்ரோசாஃப்ட் திருத்திவிட்டது. ஆனால் எத்தனையோ மென்பொருள்கள் தம் கோப்புறையில் தனி நகல் வைத்திருந்தன. ஒவ்வொன்றையும் தேடித் திருத்த வேண்டியதாயிற்று. கூடவே வைத்துக்கொண்ட நூலகத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பும் மென்பொருளை எழுதியவரையே சேரும். இணையத்தோடு தொடர்பில்லாத சம்பளப் பட்டியல் மென்பொருளுக்கு இது சிறு ஆபத்து. வெளியிலிருந்து வரும் படங்களையும் கோப்புகளையும் திறக்கும் மென்பொருளுக்கு முதல் பாதையே மேல்.

தனி டிஎல்எல் கோப்புகளை இறக்கித் தரும் இணையதளங்களை மட்டும் எக்காரணத்தாலும் நாடக்கூடாது. கோப்பு எந்தப் பதிப்பு, யார் தொட்டது என்பதற்கு அங்கே உத்தரவாதம் இல்லை. நிர்வாகி உரிமையோடு சிஸ்டம் கோப்புறையில் போடப்படும் கோப்பு கணினியின் எல்லாக் கதவுகளையும் திறக்கவல்லது.

அனுப்புவதற்குமுன் சோதிக்க, புதிதாக நிறுவிய விண்டோஸ் வேண்டும். விண்டோஸ் 10இன் 1903 பதிப்பு முதல் புரோ வகையில் 'சாண்ட்பாக்ஸ்' என்ற வசதி இருக்கிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வெற்றுக் கணினியாகவே பிறக்கும். ஹோம் வகை வைத்திருப்பவர்கள் விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு கணினியை நிறுவி, அந்த நிலையைச் சேமித்துவைத்து, ஒவ்வொரு சோதனைக்கும் அங்கிருந்தே தொடங்கலாம். திறந்து பார்ப்பதோடு நில்லாமல் அச்சிடுதல், காப்புநகல் எடுத்தல், எக்செலுக்கு ஏற்றுமதி என எல்லாப் பொத்தான்களையும் ஒருமுறை அழுத்திவிட வேண்டும்.

லினக்ஸில் பொதிகள் தம் சார்புகளை அறிவித்தே வருவதால், டெபியனை அடிப்படையாகக் கொண்ட சிடாக்கின் பாஸ் லினக்ஸ் போன்றவற்றில் விடுபட்டதைப் பொதி மேலாளரான ஏபிடி தானே கொண்டுவருகிறது. பொதியாக்காமல் கையில் கொடுக்கும் நிரலுக்கு அங்கும் இதே கதி: புதிய கணினியில் கட்டியது பழைய கணினியின் சி நூலகமான ஜிலிப்சியோடு பொருந்தாது. ஆதரிக்க நினைக்கும் மிகப் பழைய பதிப்பில் கட்டினால் புதியவற்றிலும் ஓடும்.

எந்த நூலகத்தைச் சேர்த்தாலும் தீராத ஒரு வகை எஞ்சுகிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்து, கணினிகள் விண்டோஸ் 11க்கு மாறிவருகின்றன. அது 64 பிட் வடிவில் மட்டுமே உள்ளது. 16 பிட் நிரல் எதையும் அது ஏற்காது. டாஸ் கால ஃபாக்ஸ்புரோ 2.6இல் எழுதிய கணக்குகளும் விஷுவல் பேசிக் 3இல் எழுதியவையும் அதில் திறக்கவே மாட்டா. டாஸ் நிரலை டாஸ்பாக்ஸிலும், பழைய விண்டோஸ் நிரலை 32 பிட் விண்டோஸ் நிறுவிய மெய்நிகர் கணினியிலும் ஓட்டலாம். தரவு எங்கும் போய்விடவில்லை: ஃபாக்ஸ்புரோவின் டிபிஎஃப் தரவுக் கோப்புகளை லிப்ரேஆஃபிஸ் கால்க் நேரடியாகத் திறக்கிறது. அங்கிருந்து புதிய மென்பொருளுக்கு மாற்றிக்கொள்ளலாம்.